பொருளைத் தொலைத்த பொருள்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் கையில் எடுக்கும் பண்டத்தையும் குறிக்கும், அப்பண்டமோ சொல்லோ உணர்த்தும் கருத்தையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்துக் காத்த மொழியில், பின்னதன் பொருட்டு முன்னதைப் பலியிடும் ஒரு பேச்சு மரபு தழைத்திருப்பது விந்தைதான். அன்றாடப் பொருள்களில் 'ஆழ்ந்த கிறித்தவ மெய்ப்பொருள்' காணும் மரபையே நாம் சொல்கிறோம். பென்சிலை உயர்த்திப் பிடித்து, உள்ளிருக்கும் கரிக்குச்சி ஆன்மா என்றும், சீவப்படுவது சோதனை என்றும், முனையிலுள்ள அழிப்பான் பாவமன்னிப்பு என்றும் சொல்வார்கள். குடை என்றால் தேவ பாதுகாப்பு. கைப்பேசிக்கு மின்னேற்றுவது ஜெபம். தேயிலைப் பொட்டலம் வெந்நீரில் சாறு விடுவது துன்பத்தில் மணக்கும் விசுவாசம். ஞாயிறு பள்ளியில் சிறுவர்க்குச் சொல்லப்பட்ட இவ்வகைப் பொருட்பாடங்கள், இன்று மேடைப் பிரசங்கங்களையும் சபை இதழ்களையும் வாட்ஸப் குழுக்களையும் நிறைத்துவிட்டன. கேட்போர் 'எவ்வளவு ஆழமான சிந்தனை' என உருகுகின்றனர்.

இதில் ஆழமே இல்லை என்பதே நம் வாதம். பண்டங்கள் பொருள் தரமாட்டா என்று நாம் கூறவில்லை. பண்டங்கள் பொருள் தரும் என்பதில் நமக்குள்ள உறுதியே இவ்விளையாட்டின் மீது நாம் கொண்ட சினத்துக்குக் காரணம். இங்கே நம்பிக்கை விவாதத்துக்கு உரியதன்று, வாசிப்பே விவாதத்துக்கு உரியது. ஒரு பொருளை எப்படி வாசிப்பது என்பது இலக்கிய மாணவனின் வேலை. ஆகவே இதில் தலையிட நமக்கு உரிமையுண்டு.

*

முதலில் இரண்டு சான்றுகளை நோக்குவோம்.

கிறிஸ்துமஸ் காலத்தில் மேலைநாடுகளில் விற்கப்படும் கைத்தடி வடிவ மிட்டாயைப் பற்றிய கதை ஒன்று உலகெங்கும் பரவியுள்ளது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மிட்டாய்க்காரர் ஒருவர் தம் விசுவாசத்தை மறைபொருளாக அறிவிக்க இதை உருவாக்கினாராம். தலைகீழாய்ப் பிடித்தால் ஆங்கிலத்தில் இயேசுவின் பெயரின் முதலெழுத்து, வெண்மை தூய்மை, சிவப்புக் கோடுகள் இரத்தம், கடினம் என்பது கன்மலை. இம்மிட்டாய்க்காரர் வாழ்ந்ததற்கு எவ்விதச் சான்றும் இல்லை. 1900-க்கு முந்தைய வாழ்த்து அட்டைகளில் இம்மிட்டாய் கோடுகளின்றி வெறும் வெள்ளையாகவே காணப்படுகிறது. சிவப்புக் கோடுகள் இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலாயின.

இதில் நகைப்புக்குரிய ஒன்றுண்டு. இம்மிட்டாயின் மெய்யான வரலாற்றில் ஒரு குருவானவர் இருக்கிறார். கிரெகொரி கெல்லர் என்னும் கத்தோலிக்கக் குரு, ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் தம் சகோதரியின் கணவர் நடத்திய மிட்டாய்த் தொழிலகத்துக்காக, 1950-களில் மிட்டாயை முறுக்கி வளைக்கும் இயந்திரத்தை வடிவமைத்தார். அதுவரை தொழிலாளர் சூட்டோடு கையால் வளைத்தனர். வளைக்கையில் ஏராளமாய் உடைந்தது. கைகள் சுடுவதையும் உழைப்பு வீணாவதையும் கண்ட ஒரு குருவின் கூரிய மதி அங்கே இருந்தது. அதைப் பற்றி எந்தப் பிரசங்கமும் இல்லை. இல்லாத மிட்டாய்க்காரருக்குக் கண்ணீர், இருந்த குருவுக்கு மறதி. பண்டத்தின் மெய் வரலாற்றில் அக்கறை இல்லாத வாசிப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

இரண்டாவது சான்று இன்னும் கூர்மையானது. தென்னமெரிக்கக் கொடியொன்றின் பூவை ஐரோப்பியர் 'பாடுகளின் மலர்' என்றனர். 1610-இல் சிலுவை குறித்துப் பெருநூல் வெளியிட்ட ஜாகொமோ போசியோ அம்மலரில் கிறிஸ்துவின் பாடுகளைக் கண்டார். அவருக்குப் பின் நிலைபெற்ற விளக்கம் இது: நடுவிலுள்ள மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள், ஐந்து மகரந்தப்பைகள் ஐந்து காயங்கள், சுற்றியுள்ள இழைகள் முள்முடி. அதே பூ கடல்கடந்து இந்தியாவுக்கு வந்தது. இங்கே அது கிருஷ்ண கமலம் ஆயிற்று. இழைகள் நூறும் கௌரவர். மகரந்தப்பைகள் ஐந்தும் பாண்டவர். சூல்முடிகள் மூன்றும் மும்மூர்த்திகள். வியாசர் காலத்தில் இந்நாட்டில் இக்கொடியே கிடையாது என்பது எவரையும் தடுக்கவில்லை.

இரு சமயத்தாரும் எண்ணியது ஒரே பூவைத்தான். எண்ணிக்கையும் பொருந்துகிறது. ஒரே பூட்டை இரண்டு சாவிகளும் திறக்குமானால் குறை சாவியில் இல்லை; அது பூட்டே அன்று. மூன்று, ஐந்து, பன்னிரண்டு என்ற எண்கள் எங்கும் கிடைக்கும். கிடைத்த எண்ணில் தம் பட்டியலை மாட்டிவிட்டு வெளிப்பாடு பெற்றதாய் மகிழ்பவர், அம்மலரிடமிருந்து எதையும் கற்கவில்லை. தாம் முன்பே அறிந்திருந்ததை அதன்மேல் ஒட்டிவிட்டு மீண்டும் படித்துக்கொள்கிறார்.

*

'திருச்சபைப் பிதாக்களே இவ்வாறு வாசித்தனரே' என்னும் மறுப்பு வரும். உண்மைதான். நல்ல சமாரியன் உவமையை அகுஸ்தீன் விளக்கிய முறை பெயர்பெற்றது. அடிபட்டவன் ஆதாம், எரிகோ நிலவைப்போல் தேயும் மனித இயல்பு, கள்வர் சாத்தானும் அவன் தூதரும், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல் அப்போஸ்தலர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெந்த் நகர ஆயர் துராந்துஸ், கோயிற் சுவரின் காரையைக்கூட விடவில்லை: சுண்ணாம்பு அன்பு, மணல் உலகக் கடமை, நீர் ஆவி.

முன்னோர் செய்தனர் என்பதால் அனைத்தும் முறையாகிவிடுமா? நச்சினார்க்கினியர் மீது நமக்குப் பெருமதிப்பு உண்டு. அவரின்றிச் சங்க இலக்கியத்தில் நுழைவதே அரிது. ஆயினும் முல்லைப்பாட்டில் அவர் அடிகளை அங்குமிங்கும் மாட்டிப் பொருள்கொண்டதை மறைமலையடிகள் 1903-இல் தம் ஆராய்ச்சியுரையில் மறுத்தபோது, தமிழுலகம் அதை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. உரையாசிரியரை மதிப்பதும் அவர் வலிந்து கொண்ட பொருளை மறுப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

அன்றியும், அப்பிதாக்களே வகுத்த வேலிகளை நம் சொற்பொழிவாளர் கண்டுகொள்வதில்லை. விலங்கு, கல், செடி ஆகியவற்றின் இயல்பை அறியாதவனுக்கு வேதத்தின் உருவகங்கள் இருளடைந்தே கிடக்கும் என்று கிறித்தவப் போதனை பற்றிய நூலில் எழுதியவர் அதே அகுஸ்தீன்தான். புளித்தமாவின் மூன்று படிகளைத் திரித்துவம் என விளக்குவோரைக் குறிப்பிட்ட ஜெரோம், அது பக்தியான கருத்தே என்றார். ஆனால் உவமைகளின் ஐயத்துக்குரிய விளக்கத்தைக்கொண்டு கோட்பாட்டை நிலைநாட்ட முடியாது என்று உடனே கதவடைத்தார். தாமஸ் அக்குவினாஸ், வேதத்தில் சொற்கள் மட்டுமன்றிச் சொல்லால் சுட்டப்படும் பண்டங்களும் பொருளுணர்த்தும் என்று ஒப்புக்கொண்டவர். அவரும் வாதத்துக்கு நேர்ப்பொருள் ஒன்றே அடிப்படை என்று வரையறுத்தார். முன்னோரின் விளையாட்டை எடுத்துக்கொண்டு அவர்தம் ஒழுங்கைக் கைவிட்டவர்க்கு முன்னோரைச் சாட்சிக்கு அழைக்கும் தகுதி இல்லை.

*

பண்டத்தை அறிந்து வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதை அதே புளித்தமாவைக் கொண்டே காட்டலாம்.

பரலோக ராஜ்யம், ஒரு பெண் மாவில் அடக்கிவைத்த புளித்தமாவுக்கு ஒப்பாக்கப்படுகிறது. பழைய தமிழ் வேதாகமம் 'மூன்றுபடி' என்கிறது. நம் படிக்கணக்கில் அது ஐந்து லிட்டர் அளவே; ஒரு குடும்பத்தின் சில நாளைய மாவு. கிரேக்க மூலத்திலுள்ள அளவோ மூன்று 'சாத்தா', ஏறத்தாழ 40 லிட்டர். நூறு பேருக்குமேல் அப்பம் சுடலாம். ஓர் ஏழைப்பெண் ஊருக்கே அப்பம் சுடும் அளவு மாவைப் பிசைகிறாள்! ஆதியாகமத்தில் மம்ரேயின் தோப்பில் மூன்று விருந்தினர் வந்தபோது ஆபிரகாம் சாராளைப் பிசையச் சொன்னதும் இதே அளவு. அறியாமல் தேவனுக்கு விருந்திட்ட அந்த நண்பகல், கேட்ட யூதரின் நினைவில் எழுந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பஸ்கா நாட்களில் வீட்டை விட்டு அகற்றவேண்டிய பொருள் புளித்தமாவு. பரிசேயரின் போதனைக்கும், கொரிந்து சபையின் ஒழுக்கக்கேட்டுக்கும் அதுவே உவமை. தீட்டின் அடையாளமாய் இருந்த ஒன்றை, அதுவும் ஒரு பெண்ணின் கையில் வைத்து, இதுவே ராஜ்யம் என்று ஒரு போதகர் சொல்கிறார். கேட்டவர் திடுக்கிட்டிருப்பர். மூன்று படியைப் பிதா, சுதன், ஆவி எனப் பிரித்துக் கணக்கை முடிப்பவருக்கு இந்தத் திடுக்கீடு கிடைக்குமா? அவரிடம் அப்பெண் இல்லை, மாவின் கனம் இல்லை, அவள் தோள்வலி இல்லை. அவரிடம் இருப்பது ஒரு வாய்பாடு. ஆழம் என்று அவர் கருதுவது உண்மையில் மேற்பரப்பு. நாம் மேற்பரப்பு என்று கடந்துபோகும் அளவையிலும் சமையல் முறையிலும் ஊர் வழக்கத்திலுமே ஆழம் கிடக்கிறது.

கிறித்தவக் கோட்பாடே இதைத்தான் வற்புறுத்துகிறது என்பது நம் துணிபு. வார்த்தை மாம்சமானது என்று நம்புவோர் மாம்சத்தை உரித்தெறியவேண்டிய தோலாக நினைக்கலாகாது. தொடக்க காலத் திருச்சபையின் போதனைத் தொகுப்பான 'திதக்கே', நற்கருணை அப்பத்தை மலைகளில் சிதறிக்கிடந்து ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டதாகச் சொல்லி, அவ்வாறே சபையும் ஒன்றுசேர வேண்டுகிறது. கதிர்கள் மேடுகளில் விளைவதும், அறுத்துச் சேர்ப்பதும், அப்பம் ஆவதும் அனைத்தும் மெய். உழவன் ஒருவன் இதைக் கேட்டால் தலையசைப்பான். பென்சில் உவமையைக் கேட்டு எந்தப் பென்சில் தொழிலாளி தலையசைப்பார்?

*

தமிழருக்கு இப்பாடத்தை வெளியிலிருந்து கற்கவேண்டிய தேவையும் இல்லை. உள்ளுறை உவமம் நம்முடையது. அகநானூற்றின் 46-ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் ஓர் எருமையைக் காட்டுகிறார். அது சேற்றுத் தொழுவில் நிற்க வெறுத்து, ஊர் உறங்கும் நள்ளிரவில் கயிற்றை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் விலக்கி, பொய்கையில் இறங்குகிறது. மீன்கள் சிதற, கொடிகள் கலங்க, வண்டு மொய்த்த தாமரையை மேய்கிறது. தலைவனின் பரத்தையர் ஒழுக்கம் அங்கே ஒரு சொல்லும் பேசப்படாமல் பேசப்படுகிறது. ஆனால் அந்த எருமை எருமைதான். அதன் கண் சிவப்பும், கயிற்றின் வலிவும், முள்ளின் கூர்மையும் குறியீட்டுக்காகக் கூட்டப்பட்டவை அல்ல. மருத நிலத்தில் எருமை கட்டி வாழ்ந்தவர் அறிந்தவை. பண்டம் எவ்வளவுக்கு மெய்யோ அவ்வளவுக்குப் பொருள் ஆழம்பெறுகிறது. தலைவனை மறந்துவிட்டுப் படித்தாலும் அங்கே ஓர் இரவும் ஓர் எருமையும் மிஞ்சும்.

இதனினும் வியப்பு, உள்ளுறைக்கு நிலைக்களனாகக் கருப்பொருள்களைச் சொன்ன தொல்காப்பியம், அவற்றுள் தெய்வத்தை மட்டும் விலக்கியது. உரைகாரர் பலபடக் கூறுக. நாம் இவ்வாறு கொள்கிறோம்: தெய்வம் குறியீட்டு விளையாட்டின் பகடைக்காய் ஆகலாகாது என்ற நாணம் அவ்விலக்கில் உள்ளது. எல்லாப் பண்டத்தையும் கண்டவுடன் தெய்வத்தின்மேல் மாட்டும் நம் சொற்பொழிவாளர் அந்நாணத்தைக் கற்பது நன்று.

கிறித்தவத் தமிழ்ப் புலவருள் சிறந்தோர் இதை உணர்ந்திருந்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 'ஞான ஏற்றப்பாட்டு' இயற்றினார். ஏற்றப்பாட்டு என்பது கிணற்றில் துலா மிதித்துச் சாலால் நீர் இறைப்போர், இறைத்த சால்களின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பாடுவது. களைப்பை மறக்கவும் கணக்கை மறவாதிருக்கவும் பிறந்த வடிவம். மேடையில் ஏற்றத்தின் படத்தைக் காட்டி 'துலா என்பது விசுவாசம்' என்று சொல்லி அவர் நிறுத்தியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டதோ உழைப்பின் தாளத்தை. நற்செய்தி பாமரரின் மூச்சுக்கு ஏற்ப நடக்கவேண்டும் என்று அவர் கருதியதே இவ்வடிவத் தேர்வில் புலனாகிறது.

'கிறித்தவ இலக்கியமா, அது வெறும் பரப்புரை' என ஒதுக்கும் நவீன விமரிசகர் சிலரையும் இங்கே விட்டுவைக்க இயலாது. அவர்களும் மேற்கண்ட சொற்பொழிவாளரும் எதிரெதிர் முகாமில் நிற்பதாக நம்புகின்றனர், பிழை ஒன்றே. பண்டம் வேறு, பொருள் வேறு, ஒன்றை உரித்தால் மற்றது கிடைக்கும் என்பது இருவரின் அடிப்படை. இவர் தோலை எறிகிறார். அவர் சுளையை எறிகிறார். ஏற்றப்பாட்டைப் படிக்க இருவருக்கும் பொறுமை இல்லை.

*

இவையெல்லாம் சுவை பற்றிய சச்சரவு, யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு உண்டு.

விளக்கைக் கொளுத்தி மறைத்துவைக்கும் உவமையில், கிரேக்கத்துத் தானிய அளவையைத் தமிழ் வேதாகமம் 'மரக்கால்' என்று தந்தது. அருமையான மொழிபெயர்ப்பு. எட்டுப் படி கொண்ட அந்த அளவை நம் களங்களில் இருந்தது. அதனால் நெல் அளந்தனர், கூலி அளந்தனர், குறைத்தும் அளந்தனர். ஆமோஸ் தீர்க்கதரிசி ஏழைகளை வஞ்சிப்போரைச் சாடும் இடத்திலும், அவர்கள் குறைப்பதாகச் சொல்லப்படுவது தமிழில் மரக்காலே. இரண்டு இடங்களையும் சேர்த்துப் படிக்கும் உழவுத் தொழிலாளிக்கு, விளக்கை எது மூடுகிறது என்பது விளங்காமற் போகாது. சொற்பொழிவாளர் சொல்வதோ வேறு: மரக்கால் என்பது உலகக் கவலை, சோம்பல், தொலைக்காட்சி.

1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பு நாளின் இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். தலித் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெற்கூலி உயர்வுக் கோரிக்கையும், தொழிலாளர் சங்கமாய்த் திரண்டதுமே அதன் பின்னணி. அளவை என்பது இம்மண்ணில் உயிர் கேட்கும் பொருளாய் இருந்தது. அந்த அளவையின் பெயர் வேதத்தில் வரும்போது அதைச் 'சோம்பல்' என்று வாசித்துக் கடந்துபோவதில் ஆன்மிக ஆழம் ஏதும் இல்லை. அங்கே பார்க்க மறுக்கும் கண்தான் இருக்கிறது.

உப்பும் அவ்வாறே. நீங்கள் பூமிக்கு உப்பு என்பதை விளக்கி, சாரம், சுவை, பாதுகாப்பு என அடுக்குவார்கள். தூத்துக்குடியின் உப்பளங்களில் வெயிலும் வெண்மையும் கண்ணைக் கூசவைக்க, உவர்நீர் பாதத்தைப் புண்ணாக்க, உப்பு வாரும் பெண்கள் அவ்வுரையில் வருவதில்லை. அறுத்தவரின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதிய யாக்கோபின் நிருபமும் அதே வேதத்தில்தான் உள்ளது. பண்டத்தை வெறும் சாக்காக்கும்போது, அதைச் செய்தவரும் சுமந்தவரும் முதலில் காணாமற் போகின்றனர். பண்டத்தைப் பண்டமாகப் பார்க்கத் தெரிந்தவனுக்கே அதன் பின்னாலுள்ள கை தெரியும். அந்தக் கை தெரியாத வாசிப்பைக் கிறித்தவ வாசிப்பு என்று அழைப்பது எவ்வாறு?

ஆகவே நாம் வேண்டுவது எளிது. ஒரு பண்டத்தை மேடையில் உயர்த்திப் பிடிப்பவர், உவமைக்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை சொல்லட்டும்: இது எதனால் ஆனது? இதைச் செய்தவர் யார்? அவருக்கு என்ன கூலி? இவற்றுக்கு விடை சொன்னபின் உவமை தேவைப்பட்டால் தாராளமாகச் சொல்லலாம். பல வேளைகளில் தேவைப்படாது என்றே நாம் கருதுகிறோம். அவ்விடைகளே போதிய பிரசங்கமாக அமைந்துவிடும். வகுப்பறையில் இலக்கியம் கற்பிப்போர்க்கும் இதையே சொல்வோம். கவிதையில் வரும் ஒவ்வொரு பறவையையும் 'ஆன்மாவின் குறியீடு' எனத் தேர்வுத்தாளில் எழுதும் மாணவன் வானத்திலிருந்து விழவில்லை; பறவையின் பெயரைக்கூடக் கேளாத நம் பாடங்களே அவனை உருவாக்கின. அது எந்தப் பறவை, என்ன தின்னும், எங்கே கூடு கட்டும் என்று முதலில் கேட்போம்.